கூரைக்குக் கீழே கொதிக்கும் கோடை

சூரியனின் வடதிசை நோக்கிய தொடர்பு இயக்கம் காரணமாக ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5ஆம் திகதி தொடக்கம் 15ஆம் திகதி வரையிலான நாட்களில் இலங்கையின் அகலக்கோடுகளுக்கு நேராகச் சூரியன் உச்சம் கொடுக்கின்றது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் இந்த அறிவித்தலுடன் சில ஆலோசனைகளும் வழமையாக வெளியாகும். போதியளவு நீர் அருந்துங்கள், வெளிர் நிற ஆடைகளை அணியுங்கள், முதியோரையும் குழந்தைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள், இயன்றவரை வெயிலைத் தவிர்த்து நிழலில் இருங்கள் என்பன அவற்றுள் முக்கியமானவை. இவை யாவும் பயனுள்ள ஆலோசனைகளே. ஆயினும், வெயிலைத் தவிர்த்து வீட்டுக்குள் செல்பவரின் தலைக்கு மேல் இருப்பது தகரக் கூரையாயின் அவர் எங்கே செல்வது என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை.

2024ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாட்டின் பல மாவட்டங்களில் வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை மட்டத்தை எட்டியபோது, பாடசாலை விளையாட்டுப் போட்டிகளையும் ஏனைய வெளிக்கள நடவடிக்கைகளையும் மட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சு அறிவுறுத்தியது. அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய மாணவன் ஒருவன் உயிரிழந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. வெளியில் உழைப்போரும் விளையாடுவோரும் எதிர்நோக்கும் ஆபத்து இதனால் ஓரளவு உணரப்பட்டது. வீட்டுக்குள் இருப்போரின் நிலை அவ்வாறு உணரப்படவில்லை. நோயாளர்கள், முதியவர்கள், கைக்குழந்தைகள், அடுப்படியில் பகற்பொழுதைக் கழிக்கும் பெண்கள் ஆகியோர் வெப்பத்தை எதிர்கொள்வது வீட்டின் உள்ளேயே. அவர்களுடைய துன்பத்தை எந்த விளையாட்டுப் போட்டியையும் ஒத்திவைத்து நீக்கிவிட முடியாது.

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் கோடை ஒரே முகங்கொண்டதன்று. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காற்று அடங்கிவிடுகின்றது. ஈரப்பதனோ உயர்ந்து நிற்கின்றது. உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாகும் செயலே என்பதால், வியர்வை உலராத இந்நாட்களில் வெப்பமானி காட்டும் அளவைவிடக் கூடுதலான வெப்பத்தை உடல் உணர்கின்றது. வெப்பச் சுட்டெண் என்பது வெப்பநிலையையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணிக்கப்படுவது இதனாலேயே. மே மாதத்தின் பின்னர் வடக்கில் சோழகமும், மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் காற்றும் வீசத் தொடங்குகின்றன. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வரும் கச்சான், உலர்ந்த வெங்காற்றாகவே கிழக்கை அடைகின்றது. ஈரத் துணியைச் சாளரத்தில் தொங்கவிடுவதும் முற்றத்தில் நீர் தெளிப்பதும் உலர்காற்று வீசும் காலத்தில் நல்ல பயன் தரும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கும் ஏப்ரலில், அடைத்த அறைக்குள் அதனையே செய்தால் புழுக்கம்தான் மிஞ்சும்.

இவ்விரு பருவங்களுக்கும் பொதுவான ஓர் உண்மை உண்டு. நமது அகலக்கோட்டில் நண்பகற் சூரியன் ஆண்டின் பெரும்பகுதியில் தலைக்கு மேலேயே நிற்கின்றது. எனவே வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகவே வருகின்றது. அதற்கு அடுத்த இடம் காலை வெயிலையும் மாலை வெயிலையும் நேராக ஏற்கும் கிழக்கு, மேற்குச் சுவர்களுக்குரியது. மெல்லிய தகடு வெயில் ஏறிய சிறிது நேரத்திலேயே சூடேறி, கீழே இருப்பவர் மீது அந்த வெப்பத்தை வீசுகின்றது. கொங்கிறீட் தட்டு மெதுவாகச் சூடேறினாலும், பகல் முழுவதும் சேமித்த வெப்பத்தை இரவில் வெளிவிட்டு உறக்கத்தைக் கெடுக்கின்றது.

நமது முன்னோர் இதனை அறிந்தே வீடு கட்டினர். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளின் நடுமுற்றம் வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேற வழி செய்தது. சுற்றியிருந்த விறாந்தை சுவரின் மீது வெயில் படாமல் காத்தது. முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர்கள் பகல் வெப்பம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தின. வசதியற்றோரின் மண்வீட்டிலும் பனையோலையோ கிடுகோ வேய்ந்த தடித்த கூரை இருந்தது. வேம்பும் மாவும் பலாவும் வளவுக்கு நிழல் தந்தன. முற்றமுள்ள வீட்டின் பெறுமதியைக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா தமது படைப்புகள் மூலம் உலகுக்குக் காட்டினார். நெளிதகட்டின் மேல் அரைவட்ட ஓடுகளைப் பரப்பும் அவரது கூரை முறை, மழையையும் வெயிலையும் ஒருங்கே தடுத்தது.

எனினும், பழைமையைப் போற்றுவதனால் மட்டும் இன்றைய சிக்கல் தீர்ந்துவிடாது. ஓலைக்கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். தீயும் கறையானும் அதற்குப் பகை. போர்க்காலத்தில் எண்ணற்ற பனைகள் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன; இன்னும் பல எறிகணைகளால் தலையிழந்தன. மீள்குடியேறிய மக்களில் பலர் நிழல்மரம் ஒன்றேனும் இல்லாத வெறுங்காணிகளுக்கே திரும்பினர். அவர்களுக்கு முதலில் கிடைத்ததும் கூரைத் தகடுகளே. தற்காலிகம் எனக் கூறி வழங்கப்பட்ட அத்தகடுகளின் கீழ் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் உண்டு.

நிரந்தர வீடமைப்பிலும் வெப்பம் உரிய கவனத்தைப் பெறவில்லை. இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு, கிழக்கில் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகள் தாமே தமது வீட்டைக் கட்டிக்கொண்ட வகையில் அது வரவேற்கத்தக்க திட்டம். ஆயினும் கட்டடப் பொருட்களின் விலையேற்றத்தால் கடன்பட்டு வீட்டை முடித்த குடும்பங்களுக்கு விறாந்தையும் உட்கூரையும் ஆடம்பரங்களாகவே தோன்றின. பின்னர் 2016ஆம் ஆண்டளவில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, இந்தக் காலநிலைக்கு அவை பொருந்துமா என்ற கேள்வியைத் தமிழ் மக்கள் பிரதிநிதிகளும் சிவில் சமூகத்தினரும் எழுப்பினர். அத்திட்டம் முன்வைக்கப்பட்டவாறு நிறைவேறவில்லை. வீட்டின் வெப்பம் அரசியல் விவாதமாகிய அரிதான சந்தர்ப்பம் அது. அந்த விவாதம் ஒரு கொள்கையாக முதிராமலேயே அடங்கிப்போனது.

அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நார்த் தகடுகளின் கதையும் இத்தகையதே. கல்நார் இழைகள் புற்றுநோயை விளைவிப்பவை. அதன் இறக்குமதியைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி 2024ஆம் ஆண்டளவில் முற்றாக நிறுத்தப்போவதாக முன்னர் அறிவிக்கப்பட்டது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைக்கு ரஷ்யா தற்காலிகத் தடை விதித்ததையடுத்து, ரஷ்யா ஏற்றுமதி செய்யும் கல்நார் மீதான கட்டுப்பாட்டை நமது அரசாங்கம் தளர்த்தியது. தேயிலை வருமானத்துக்கும் ஏழையின் கூரைக்கும் இவ்வாறு முடிச்சுப் போடப்பட்டது. கல்நார் கைவிடப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இடத்தில் வெப்பத்தடுப்பு எதுவுமற்ற உலோகத் தகடு வருமாயின், ஒரு தீங்கை நீக்கி இன்னொன்றை ஏற்றவர்களாவோம்.

மின்விசிறியும் குளிரூட்டியும் இருக்கின்றனவே எனச் சிலர் கேட்கலாம். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதத்தாலும் மின்கட்டணம் உயர்த்தப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. பின்னர் குறைப்புகள் செய்யப்பட்ட போதிலும், விசிறியை நிறுத்திவிட்டு உறங்கப் பழகிய குடும்பங்களின் அச்சம் இலகுவில் அகலாது. மேலும், காற்றின் வெப்பநிலை 40 பாகை செல்சியஸைக் கடந்தால் விசிறி உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. குளிரூட்டியோ ஒரு வீட்டின் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றது. கொழும்பின் நெருக்கமான குடியிருப்புகளில் அந்த வெப்பம் அயல்வீட்டுச் சாளரத்துக்கே செல்கின்றது.

நமது அயலில் இதற்கான முன்னுதாரணங்கள் உள்ளன. 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலையால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அகமதாபாத் நகரம், 2013இல் வெப்பச் செயற்றிட்டம் ஒன்றை வகுத்தது. வறிய குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் பணியும் அங்கு பின்னர் சேர்ந்துகொண்டது. தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகப் பிரகடனம் செய்தது.

பெருஞ்செலவின்றி வீடுகளில் செய்யக்கூடியவையும் பலவுண்டு. கூரையின் மேற்புறத்துக்கு வெண்ணிறப் பூச்சு இடுவதால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படுகின்றது. பழைய கல்நார்க் கூரையாயின் அதனை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, துளையிடவோ, அதன்மீது ஏறி நடக்கவோ கூடாது. இழைகள் காற்றில் கலப்பதுடன் தகடு உடைந்து விழும் ஆபத்தும் உண்டு. கூரைக்குக் கீழே பாயாலோ பலகையாலோ உட்கூரை அமைத்து, இடையிலுள்ள வெப்பக்காற்று முகட்டின் வழியே வெளியேறத் துவாரம் விடுவது அடுத்தபடி. மேற்குச் சுவரோரம் ஒரு பந்தலும் கொடியும், சற்று அப்பால் ஒரு வேம்பும் மாலை வெயிலைத் தணிக்கும். அறையின் எதிரெதிர்ப் பக்கங்களில் சாளரம் இருந்தாலே காற்று உள்நுழைந்து வெளியேறும். இரவில் சாளரங்களைத் திறந்து, நண்பகலில் வெயில் விழும் பக்கத்தை மறைப்பதும் நன்று.

ஆனால் முழுப் பொறுப்பையும் குடும்பங்களின் மீது சுமத்திவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, ஆயிரக்கணக்கான வீடுகளை அழித்துச் சென்றது. அழிந்தவற்றுக்கு ஈடான வீடுகள் கட்டப்படும்போது அவை எங்கே, எத்தனை என்பதுடன் எப்படிப்பட்டவை என்பதும் கேட்கப்பட வேண்டும். காற்றையும் வெள்ளத்தையும் தாங்கும் வீடு வெயிலையும் தாங்க வேண்டும். அரச நிதியில் அமையும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்திலும் உட்கூரை, விறாந்தை, எதிர்ச் சாளரம் ஆகிய மூன்றும் இடம்பெறுவதைத் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை உறுதிசெய்யலாம். பிரதேச சபைகள் தத்தமது எல்லைக்குள் தகரக் கூரையின் கீழ் வாழும் முதியோரையும் நோயாளரையும் இனங்கண்டு, அவர்களுடைய கூரைகளுக்கு வெண்பூச்சு இடும் பணியைப் பங்குனி பிறக்கு முன்னரே முடிக்கலாம். தகடு வேய்ந்த வகுப்பறைகள் உள்ள பாடசாலைகளுக்கும் இது பொருந்தும்.

சூரியன் அடுத்த ஆண்டும் அதே திகதிகளில் உச்சம் கொடுக்கும். வெள்ளத்தையும் புயலையும் போலன்றி, நாட்காட்டியில் குறித்து வைத்து எதிர்பார்க்கக்கூடிய இடர் இது. அத்தகைய இடருக்கு ஆயத்தமாகாதிருப்பதற்கு இயற்கையைக் காரணங்காட்ட முடியாது.