பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

முதலில் படத்தைப் பிடித்துவிடலாம். அதில் எது தெளிவாகத் தெரியவேண்டும் என்பதைப் பிறகு சாவகாசமாகத் தீர்மானித்துக் கொள்ளலாம் என்ற வாக்குறுதியோடு 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு காமிரா விற்பனைக்கு வந்தது. லைட்ரோ என்பது அதன் பெயர். நண்பர் ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்தக் காமிராவைச் சில தினங்களுக்கு நமக்கு இரவல் தந்தார். பரீட்சித்துப் பார்த்ததில் நமக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை வாசகர்கள் முன் வைக்கிறோம்.

சாதாரணக் காமிரா, ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே பதிவு செய்யும். இதுவோ, ஒளி எத்திசையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்கிறது. ஒளியை ஏற்கும் தகட்டின் முன்னால் மிக நுண்ணிய லென்ஸுகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருப்பதே இதன் ரகசியம். பிரெஞ்சு விஞ்ஞானி லிப்மன் 1908-லேயே இதற்கு அடிகோலினார். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த ரென் இங் என்பவர் 2006-ல் இதைக் கைக்கு அடக்கமான கருவியாக்க வழி வகுத்தார்.

திண்ணையில் நம் குமாரி செம்பருத்திப் பூ ஒன்றை நீட்டிக்கொண்டு நிற்க, ஒரு படம் பிடித்தோம். கணிப்பொறியில் ஏற்றி, பூவைத் தொட்டால் பூ தெளிகிறது; முகம் மங்குகிறது. முகத்தைத் தொட்டால் முகம் தெளிகிறது, பூ மங்குகிறது. நீதிமன்றத்தில் பழகிய நமக்கு ஓர் உவமை தோன்றிற்று. சாதாரணப் புகைப்படம், எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலம். இதுவோ கூண்டிலேறி நிற்கும் சாட்சி. இதைக் குறுக்கு விசாரணை செய்யலாம்.

ஆனால், எந்தச் சாட்சியும் தான் கண்டதைத்தான் சொல்ல முடியும். அடுத்த படத்தில் குமாரி சடக்கென்று தலையைத் திருப்பினாள். எங்கே தொட்டும் அந்த முகம் தெளியவில்லை. நின்ற இடமும், விசையை அழுத்திய கணமும் பின்னால் திருத்தக் கூடியவை அல்ல. இந்தச் சலுகைக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. 1 கோடியே 10 லட்சம் ஒளிக்கதிர்களைப் பதிவு செய்யும் இக்கருவி, முடிவில் தரும் படத்தில் உள்ளவை ஏறக்குறைய 12 லட்சம் புள்ளிகளே. அக்காலத்துக் கைத்தொலைபேசிகளே இதைவிட நுணுக்கமான படம் தந்தன.

இவற்றினும் பெரிய குறை வேறொன்று. இப்படங்களைப் பிறர் தொட்டுப் பார்ப்பதற்கென்று கம்பெனி இணையத்தில் ஒரு மண்டபம் நடத்தி வந்தது. 2017-ஆம் ஆண்டின் இறுதியில் அது மூடப்பட்டது. 2018 மார்ச்சில் கம்பெனியே கடையைக் கட்டுவதாக அறிவித்தது. படத்தைத் திறப்பதற்கு அக்கம்பெனியின் பழைய மென்பொருள் வேண்டும். நண்பர் காமிராவுடன் தமது பழைய கணிப்பொறி ஒன்றையும் ஏன் அனுப்பினார் என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று!

விஞ்ஞானத்தின் மீது நாம் குற்றம் சொல்லவில்லை. இன்று கைத்தொலைபேசிகள் பலவும், தூரத்தைக் கணக்கிட்டு மங்கலைச் செயற்கையாக உண்டாக்கும் வேறொரு முறையில், இவ்வேலையை ஒருவாறு செய்கின்றன. ஆகவே எச்சரிக்கை பழைய காமிராக்காரர்களுக்கு மட்டும் உரியதன்று. நாமும் நம் குழந்தைகளின் முகங்களை ஆயிரக்கணக்கில் அந்நியருடைய கிடங்குகளில் குவித்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே இருக்கிறோம்? ஒத்திப்போட்ட தீர்மானம் நம் கையில் இருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் அது சாவியை வைத்திருப்பவன் கையில் இருக்கிறது.

நாம் முகத்தைத் தெளிவாக்கி, அன்றே தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டோம். பூவைத்தான் தெளிவாக்கியிருக்கவேண்டும் என்பது குமாரியின் கட்சி. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம். ஆயினும் தீர்ப்பு என்று ஒன்று கைவசம் இருக்கிறது. வழக்கை ஒத்திவைக்கும் உரிமை நல்லதுதான். ஆனால் வாய்தா நாளன்று நீதிமன்றம் திறந்திருக்க வேண்டுமே!