மலையேறும் காரும் எடைக் கணக்கும்

நீலகிரியின் அவலாஞ்சிக்குப் புறப்படும் கார், மேட்டுப்பாளையத்தில் மலையேறத் தொடங்கி உதகையை எட்டுவதற்குள் சுமார் 1,900 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. வழியில் “வண்டி இழுக்கவில்லை” என்று சலித்துக்கொள்பவர்கள் இன்ஜினைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காரின் எடையை.

ஆயிரம் கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே ஏறத்தாழ 19 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்வதாகக் கொண்டால், செலவு இரண்டே கால் லிட்டர். 1,600 கிலோ காருக்கு அது மூன்றரை லிட்டரைத் தாண்டும். உதகையின் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினின் வலுவும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும்.

பெரிய இன்ஜின் பொருத்தினால் ஏறிவிடலாம். இறங்குவது எப்படி? ஏறும்போது சேர்ந்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெளியேறியாக வேண்டும். ஒரு டன் காருக்கு அது 55 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். அதில் ஒரு பங்கை இன்ஜின் தாங்கட்டும் என்றுதான் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். உதகையிலிருந்து இறங்கும் இன்னொரு பாதையான, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் கனத்த காருக்கு ஆபத்து அதிகம். எடையைக் குறைத்தால் ஏற்றம், இறக்கம் இரண்டுமே எளிதாகும்.

1983இல் வந்த மாருதி 800, சுமார் 650 கிலோ எடையோடு 796 சிசி இன்ஜினிலேயே இந்த மலையை ஏறியது. ஆனால், அதன் மெல்லிய உடலில் இன்றைய பாதுகாப்பு இல்லை. அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. உயர்வலிமை எஃகும் அலுமினியமும் உறுதியைக் கெடுக்காமல் எடையைக் குறைக்கின்றன.

நம் விதிகளோ எதிர்த்திசையில் இருக்கின்றன. 2017இல் நடைமுறைக்கு வந்த எரிபொருள் சிக்கன விதி, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எடை கூடினால், அனுமதிக்கும் கார்பன் அளவையும் கூட்டிக் கொடுக்கிறது. பிரான்ஸோ 2022 முதல் கனமான கார்களுக்குத் தனி வரி விதிக்கிறது. 1,800 கிலோவாக இருந்த வரம்பை 2024இல் 1,600 ஆகக் குறைத்தது.

நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். எத்தனை வாகனங்கள் வருகின்றன என்ற கணக்கோடு அவற்றின் எடையையும் பதிவுசெய்து, கனத்த கார்களுக்குக் கூடுதல் கட்டணம் விதிக்கலாம். எடைக்குச் சலுகை தரும் விதியை மத்திய அரசு மாற்ற வேண்டும். அதற்கான தொடக்கத்தை இந்த மலை மாவட்டத்திலிருந்தே செய்ய முடியும்.