பாட்டா, படிப்பா? பிழையாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி

பிறம்ரன் நகரின் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பை எட்டியதும் ஒரு வாக்குவாதம் தவறாது தலைதூக்குகிறது. ஐந்து வயதிலிருந்து அப்பிள்ளையைப் பனியிலும் குளிரிலும் சங்கீத வகுப்புக்கு ஏற்றி இறக்கியவர்கள் பெற்றோரே. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடித்து, உற்றார் உறவினர் அனைவரையும் அழைத்துப் பெருமை கொண்டவர்களும் அவர்களே. ஆயினும் "பாடுவதையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்று பிள்ளை வாய் திறந்த அன்று அவர்களுடைய முகம் மாறிவிடுகிறது. "பாட்டு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் படிப்பைப் பார்" என்ற கட்டளை பிறக்கிறது. பிள்ளையோ தன் கனவைப் பெற்றோர் மதிக்கவில்லை என்று கதவைச் சாத்திக்கொள்கிறது.

இவ்விரு தரப்பினரும் எதிரெதிர்த் திசையில் நிற்பதாகத் தோன்றினாலும் ஒரு விடயத்தில் ஒத்த கருத்துடையவர்கள். பாட்டும் படிப்பும் இரு வேறு பாதைகள், ஒன்றில் கால் வைத்தால் மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்பதே அக்கருத்து. அது பிழையானது என்பதற்கு ரொறன்ரோ மாநகரிலேயே ஒரு சான்று உண்டு.

1990களில் 'வன்' என்ற பெயருடைய இசைக்குழுவின் முன்னணிப் பாடகராக மேடையேறியவர் கிறிஸ் ரெய்லர். குழுவின் காலம் முடிந்தபின் அவர் பொழுதுபோக்குத் துறைச் சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தார். நெல்லி ஃபுர்ராடோ உள்ளிட்ட கனடியப் பாடகர்களின் ஒப்பந்தங்களை அவர் கையாண்டார். 2003ஆம் ஆண்டில் லாஸ்ற் காங் றெக்கோர்ட்ஸ் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். மெற்றிக் போன்ற குழுக்கள் அந்நிறுவனத்தின் ஊடாக வெளியுலகை எட்டின. 2016இல் என்ரர்ரெயின்மென்ற் வன் நிறுவனம் லாஸ்ற் காங்கை வாங்கியதுடன், தன் இசைப்பிரிவின் தலைமைப் பொறுப்பையும் ரெய்லரிடமே ஒப்படைத்தது.

மேடையை விட்டு இறங்கிய ஒருவரைத் தோற்றுப்போனவர் என்று கருதுவது தமிழரிடையே மட்டுமன்றி எங்கும் உள்ள வழக்கம். ஆனால் ரெய்லரின் வாழ்வை அவ்வாறு வாசிக்க இயலாது. வாகனத்தில் இசைக்கருவிகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற ஒருவர், ஒப்பந்தமொன்றில் 'சுற்றுப்பயணச் செலவு முழுவதும் கலைஞரின் வருவாயில் கழிக்கப்படும்' என்ற வரியைக் காணும்போது, அதன் பொருளை அனுபவத்தால் அறிவார். சட்டப் புத்தகம் மட்டும் படித்தவர் அதனை ஒரு வரியாகவே காண்பார்.

இத்தகையோர் வேறிடங்களிலும் உளர். அமெரிக்காவின் டினா லபோல்ற் கிற்றார் இசைத்துப் பாடித் திரிந்தவர். பின்னர் சட்டம் பயின்று 2001இல் சொந்த அலுவலகம் திறந்தார். அமெரிக்காவில் 2018இல் நிறைவேறிய இசை நவீனமயமாக்கல் சட்டத்துக்காகப் பாடலாசிரியர் சார்பில் வாதாடியோருள் அவரும் ஒருவர். தென்கொரியாவில் 1998இல் பதின்ம வயதிலேயே புகழ்பெற்ற பாடகி லீ சோ-இயுன், 2009இல் அமெரிக்காவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சென்று, பின் நியூயோர்க்கில் சட்டத்தரணியானார்.

பொழுதுபோக்குத் துறைச் சட்டத்தரணி என்றதும் நீதிமன்றில் கறுப்பு அங்கியுடன் முழங்கும் உருவமே பலருக்கு நினைவில் எழும். உண்மையில் அவர்களுடைய வேலையின் பெரும்பகுதி மேசையில், தாள்களின் நடுவே நிகழ்வது. ஒரு பாடலில் இரு உரிமைகள் உறைகின்றன. சொல்லும் மெட்டும் சேர்ந்த ஆக்கத்துக்கு ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு மற்றொன்று. கனடாவில் பாடல் பொதுவெளியில் ஒலிக்கும்போது ஆக்கியோருக்குரிய தொகையை சொக்கன் என்ற அமைப்பு திரட்டுகிறது. ஒலிப்பதிவுக்குரிய தொகையை றீசவுண்ட் என்ற அமைப்பு திரட்டி, பாடியோருக்குப் பாதியும் பதிவுக்கு உரிமையாளருக்குப் பாதியுமாகச் செல்ல வழி செய்கிறது. இவ்விரு அமைப்புகளிலும் தம் உரிமைகளைப் பதிந்துகொள்ளாத இளங்கலைஞருக்கு, அவருடைய பாடல் ஊரெங்கும் ஒலித்தாலும், உரிய பணம் வந்து சேராது.

கணினித் துறையில் பணிபுரியும் தமிழ்ப் பெற்றோருக்கு இதனை எளிதில் விளக்கலாம். வேலையின் பகுதியாக ஒருவர் எழுதும் நிரல், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, நிறுவனத்துக்கே உரியது என்பதைக் கனடாவின் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. அதை அறிந்தே அவர்கள் ஒப்பமிடுகிறார்கள். மாதாமாதம் சம்பளமும் பெறுகிறார்கள். சம்பளம் ஏதுமின்றி, முற்பணம் ஒன்றை மட்டும் பெற்றுக்கொண்டு, தன் நிரல் முழுவதையும் ஆயுளுக்கும் எழுதிக் கொடுக்கும் பொறியியலாளர் எவரும் இருக்கமாட்டார். இளம் பாடகர்களோ அதையே செய்கின்றனர்.

விற்க முடியாத உரிமை ஒன்றும் உண்டு. ரொறன்ரோ ஈற்றன் சென்ரருக்குச் சென்ற எவரும் கூரையின் கீழ் பறக்கும் வாத்துகளின் சிற்பத்தைக் கண்டிருப்பர். மைக்கேல் சினோ என்ற கலைஞரின் ஆக்கம் அது. நத்தார்க் காலத்தில் அந்த வாத்துகளின் கழுத்தில் சிவப்பு நாடாக்கள் கட்டப்பட்டபோது, அது தன் படைப்பைச் சிதைக்கிறது என அவர் வழக்குத் தொடுத்தார். 1982இல் நீதிமன்றம் நாடாக்களை அகற்றுமாறு பணித்தது. சிற்பம் விற்கப்பட்ட பின்னரும் படைப்பின் மாண்பைக் காக்கும் தார்மீக உரிமை படைத்தவரிடமே எஞ்சியிருந்தது. இவ்வுரிமையை விற்க இயலாது. ஆனால் எழுத்தில் கைவிட இயலும். ஒப்பந்தங்களின் இறுதிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும் ஒற்றை வரி பெரும்பாலும் இதுவே.

தமிழ்க் கலைஞர் இத்தகைய சிக்கல்களுக்குப் புறம்பானவர் அல்லர். ஈழத்தமிழ்க் குடும்பத்திற் பிறந்த மாயா அருள்பிரகாசம் 2012இல் அமெரிக்காவின் சூப்பர் போல் மேடையில் நடுவிரல் காட்டியமைக்காக, உதைபந்தாட்டக் கழகம் அவரிடம் கோரிய தொகை 1 கோடியே 60 இலட்சம் டொலருக்கும் மேற்பட்டது. 2014இல் அது இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. அவருடைய செயல் சரியா பிழையா என்பது வேறு விவாதம். நிகழ்ச்சிக்கு முன் ஒப்பமிட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே வழக்கின் உயிர்.

2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அமெரிக்காவில் பாடிக்கொண்டிருந்தபோது, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடலாகாது என இளையராஜாவின் சட்டத்தரணி அறிவித்தல் அனுப்பினார். இரு பெரும் கலைஞரையும் நேசித்த இரசிகர்கள் திகைத்தனர். எவர் பக்கம் நிற்பது என்று வாதிட்டவர்களுள் பலர், அவ்வழக்கின் வேர் திரைப்பாடலின் உரிமை எவருக்கு என்ற பழைய வினாவில் இருப்பதை அறியவில்லை. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தமே பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகையைத் தயாரிப்பாளருக்கு முற்றாகத் தாரைவார்க்க முடியாதவாறு செய்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையிலே அதற்காகக் குரல் கொடுத்தார்.

2021இல் உலகெங்கும் ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலுக்கு நேர்ந்தது இன்னும் அண்மையானது. அதன் இசையாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை என்று 2024 மார்ச்சில் பகிரங்கமாக அறிவித்தார். வெளியிட்ட நிறுவனமும் தன் தரப்பு விளக்கத்தை முன்வைத்தது. நியாயம் எப்பக்கம் என்று இங்கு தீர்ப்பளிக்கத் தேவையில்லை. கோடிக்கணக்கானோர் கேட்ட பாடலின் கணக்கு மூன்று ஆண்டுகளின் பின்னும் தெளிவாகவில்லை என்பதே கவனத்துக்குரியது.

பிறம்ரன் இசைக்கு அந்நியமான ஊரன்று. 2018இல் சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருதைப் பெற்ற அலெசியா காரா இங்கு வளர்ந்தவர். விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் போட்டியில் கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா யூட் 2015இல் இரண்டாம் இடம் பெற்றபோது, இங்குள்ள தமிழ் வீடுகள் கொண்டாடின. வாய்ப்புகள் பதின்ம வயதிலேயே வந்துவிடுகின்றன. ரெய்லர் சுவிஃப்ற் தன் முதல் நிறுவனத்துடன் இணைந்தபோது அவருக்கு வயது 15. முதல் ஆறு இசைத்தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் 2019இல் அவர் விருப்புக்கு மாறாகக் கைமாறின. 2025இல்தான் அவர் அவற்றை விலைகொடுத்து மீட்டார். 18 வயது நிரம்பாத பிள்ளையின் ஒப்பந்தத்தில் நிறுவனங்கள் பொதுவாகப் பெற்றோரின் கையொப்பத்தையும் கேட்கும். ஆகவே இது பிள்ளையின் கவலை மட்டுமன்று. வீட்டுக் கடன் பத்திரத்தை வரிவரியாக வாசித்த பின்னரே ஒப்பமிடும் தந்தை, மகளின் முதல் பாடல் ஒப்பந்தத்தில் மகிழ்ச்சி மேலீட்டால் வாசிக்காமலே ஒப்பமிடுவது தகுமா?

பாடகர் அனைவரும் சட்டம் படிக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். அப்பாதை நெடியது. ஒன்ராறியோவில் பொதுவாக இளங்கலைப் படிப்பும் எல்எஸ்ஏரி என்ற நுழைவுத் தேர்வும், அதன்பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பும், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் தேர்வுகளும், நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். கட்டணம் சிறிதன்று. ஆயினும் ரொறன்ரோப் பல்கலைக்கழகம், யோர்க் பல்கலைக்கழகத்தின் ஒஸ்கூட் ஹோல், 2020இல் முதல் மாணவரை ஏற்ற ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் லிங்கன் அலெக்சாண்டர் சட்டப் பள்ளி என மூன்று வாசல்கள் அருகிலேயே திறந்துள்ளன. இருபதிலோ முப்பதிலோ அவ்வாசலில் நுழையும் ஒருவருக்கு, அதுவரை பாடிய ஆண்டுகள் வீணான ஆண்டுகள் ஆகா.

பெற்றோரிடத்தில் ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ரெய்லரின் கதையை, "பார்த்தாயா, அவரும் கடைசியில் சட்டத்துக்குத்தானே போனார்" என்று பிள்ளையை மடக்கும் ஆயுதமாக்க வேண்டாம். அவர் பாடியிராவிடில் பாடகரின் நம்பிக்கையை அவ்வளவு எளிதில் வென்றிருக்கமாட்டார். இளையோருக்கும் ஒன்று சொல்ல உண்டு. வணிகமும் சட்டமும் கலையைக் கறைப்படுத்தும் என்று முகம் சுளிப்பவரின் பாடலுக்குப் பிறரே உரிமையாளர் ஆவர். முதல் ஒப்பந்தம் கைக்கு வரும் நாளில், கலைஞருக்கு உதவும் சட்டத்தரணி ஒருவரிடம் அதைக் காட்டுவதற்கு ஒரு வாரம் அவகாசம் கேட்க வேண்டும். அந்த ஒரு வாரத்தைத் தர மறுப்பவரிடம் ஒரு பாடலையும் ஒப்படைக்கலாகாது.

மண்டபங்களில் பாடும் பிள்ளைகளைப் புலம்பெயர்ந்த தமிழ்ச் சமூகம் நிறையவே வளர்த்துவிட்டது. அப்பிள்ளைகளின் பாடல் அவர்களுக்கே உரித்தாக இருக்கும்படி காக்கத் தெரிந்தவர்கள் இனித்தான் வளர வேண்டும். அவர்களுள் சிலர் இன்று அதே மண்டபங்களில், ஒலிவாங்கியின் முன் தம் முறைக்காகக் காத்து நிற்கிறார்கள்.