வாத்து மந்தையின் பின்னால் நடப்பவன் யார்?

குறுவை அறுவடை ஓய்ந்த காலத்திலும், சம்பா அறுவடை முடிந்த மாசியிலும், தஞ்சை வட்டார வயல்களில் வாத்து மந்தைகள் இறங்குவதை நம் அங்கத்தினர்கள் அனைவரும் கண்டிருப்பர். வெளி மாவட்டங்களிலிருந்து ஓட்டிவரப்படும் இவ்வாத்துகள் உதிர்ந்த நெல்லையும், நத்தையையும், புழுவையும் தின்று, வயலுக்கு எருவும் இட்டுச் செல்கின்றன. நிலத்துக்காரருக்கு நஷ்டமில்லை, மந்தைக்காரருக்குத் தீவனச் செலவு குறைவு. இம்முறை நல்ல முறையே என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும், அம்மந்தையின் பின்னால் கோலூன்றி நடப்பவன் யார் என்று நாம் கேட்பதுண்டா? சில மந்தைகளில் அவன் பள்ளியில் அமர்ந்திருக்க வேண்டிய சிறுவன். பெற்றோர் பெற்ற முன்பணத்துக்கு ஈடாக அனுப்பப்பட்டவன். 2025ஆம் ஆண்டு மே மாதம், காஞ்சிபுரம் அருகே பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. ஆந்திரத்து ஏழைத் தாய் ஒருத்தி, ரூ.25,000 கடனுக்காக வாத்து வளர்ப்பவரிடம் விட்டுச் சென்ற மகன் அவன். பணத்தைத் திரட்டிக்கொண்டு மகனை மீட்க முயன்ற அவளுக்கு மகன் கிட்டவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி இத்தகைய கடனைத் திருப்பித் தரவேண்டிய கடமையே இல்லை. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையைப் பிறர் தொழிலில் அமர்த்தலாகாதென்று 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் விதிக்கிறது. ஆனால், "நோய்க்கும் சாவுக்கும் உடனே பணம் தருபவர் மந்தைக்காரர்தாமே, ஏழை வேறென்ன செய்வான்?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை கூற வேண்டியவர்கள் கூட்டுறவாளராகிய நாமே.

முன்பணத்தின் கொடுமையை நம் நெசவாளர் சகோதரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தீராமல், தகப்பன் கட்டுண்ட தறியிலேயே மகனும் கட்டுண்ட கதை பல குடும்பங்களில் உண்டு. அக்கட்டை அவிழ்க்கவே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. 1955இல் திருபுவனத்துப் பட்டு நெசவாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்ததும் அவ்வரிசையிலேயே. தறிக்குப் பொருந்திய நியாயம் வாத்துக்கும் பொருந்தாதோ?

பிறர் வாத்து ஆயிரத்தின் பின்னால் பிள்ளையை அனுப்புவதினும், தன் வீட்டில் பத்து வாத்து வளர்ப்பது மேல். ஆறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். நீந்தக் குளம் அவசியமன்று. தலை முழுதும் நனையுமளவு ஆழமுள்ள தண்ணீர்த் தொட்டி இருந்தால் போதும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு விடுமாதலால், அதன் பின்னரே வெளியே விட வேண்டும். அடைக்கோழியின் கீழ் வைத்தால் இருபத்தெட்டு நாளில் குஞ்சு பொரியும். பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு வாத்துக் குஞ்சுக்கு நஞ்சு. அதை ஒருபோதும் இடலாகாது. காவலும் வேண்டுவோர் கூஸ் எனப்படும் பெருவாத்து ஒரு ஜோடி வளர்க்கலாம். புல்லே அதன் பிரதான உணவு. அயலார் வந்தால் உரக்கக் கத்தித் தெரிவித்துவிடும். முட்டை மட்டும் குறைவு.

இதற்கு வேண்டிய முதல் பெரிதன்று. கால்நடை, கோழியின வளர்ப்பின் நடைமுறைச் செலவுக்கும் உழவர் கடன் அட்டை வாயிலாகக் கடன் பெறும் வசதி 2019 முதல் உண்டு. நிலமில்லாக் குடும்பங்களைத் தேடிச் சென்று அங்கத்தினராக்கி, இவ்வசதியை அவர்கள் வாயிலுக்குக் கொண்டு சேர்ப்பது சங்க நிர்வாகிகளின் பொறுப்பு. தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் வசூல் பாக்கியைக் கேட்கிறோம். இனி, சங்கத்தில் சேராத ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்றும் கேட்போம்.

நிலமுடைய அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மந்தையை வயலில் இறக்க இசையுமுன், உடன் வரும் சிறுவன் யார், எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று கேளுங்கள். விடை திருப்தியளிக்காவிடில் இசைவு தராதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். உதிர்ந்த நெல்லை வாத்து பொறுக்கட்டும். ஒரு பிள்ளையின் வாழ்வு நம் வயலில் உதிர்ந்து போக நாம் இடங்கொடுக்க வேண்டாம்.