டின் பாலின் கணக்கு

இனிப்புக் கெட்டிப்பால் அடைத்த சிறிய டின், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் அரிசி, பருப்பு, கருவாட்டோடு மாதச் சாமான் கணக்கில் தவறாமல் இடம்பிடித்த பொருள். பாலில் உள்ள தண்ணீரில் பெரும்பகுதியை வற்றவைத்துச் சீனி சேர்த்துச் செய்வது அது. எடையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் சீனிதான். அவ்வளவு சீனியில் கிருமிகள் பெருக முடியாது. அதனால் குளிர்ப்பெட்டியோ மின்சாரமோ இல்லாத லயத்து வீட்டில், திறந்த டின்கூடப் பல நாள் கெடாமல் இருந்தது. வெற்றிடத்தில் பாலைச் சுண்டவைக்கும் முறைக்கு அமெரிக்கரான கேல் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்றார். இன்று நெஸ்லே என்று அறியப்படும் நிறுவனம், ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் கம்பெனி என்ற பெயரில் 1912இல் பினாங்கில் வியாபாரம் தொடங்கியது. உள்நாட்டில் அதன் முதல் தொழிற்சாலை பெட்டாலிங் ஜெயாவில் எழுந்தது 1962இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டும் தோட்டத்துக்கு வந்தது கப்பல் பால்.

டின்னைத் திறப்பதற்கென்று ஒரு முறை உண்டு. மூடியில் எதிரெதிராக ஆணியால் இரண்டு துளை போட வேண்டும். ஒன்றில் பால் இறங்கும், மற்றொன்றில் காற்று புகும். ஒற்றைத் துளை போட்டால் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எறும்பு ஏறாமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே டின்னை வைப்பார்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போகிறவர்களுக்கு இந்தப் பால் கலந்த தேநீர்தான் முதல் ஆகாரம். மாதக் கடைசியில் டின் தீர்ந்துவிட்டால் வரக்காப்பி. அடி ஒட்டியதை வெந்நீர் ஊற்றிக் குலுக்கி எடுத்த பிறகும் டின்னுக்கு வேலை இருந்தது. அரிசி அளக்கும் படி அதுவே. ஈப்போ காப்பிக் கடைகளில், பிளாஸ்டிக் பை வருவதற்கு முன், காலி டின்னில் கயிறு கோத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தார்கள்.

இந்தப் பழக்கங்களைப் பற்றி இனிமையாகப் பேசுபவர்கள் பலர் உண்டு. டின் எங்கிருந்து வந்தது என்று பேசுபவர்கள் குறைவு. உணவு டின் என்பது இரும்புத் தகட்டின் மேல் மிக மெல்லிய வெள்ளீயப் பூச்சு; டின்னின் எடையில் அந்தப் பூச்சு நூற்றில் ஒரு பங்கு அளவுகூட இருக்காது. ஆனால் அது இல்லாமல் தகடு துருப்பிடித்து உணவு கெட்டுவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக வெள்ளீயத்தில் பாதிக்கும் மேல் மலாயாவில் கிடைத்தது; அதில் பெரும்பங்கு ஈப்போவைச் சுற்றிய கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) எடுத்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருக்கிய கட்டிகள் கப்பலேறி, வேல்ஸ் நாட்டுத் தகட்டு ஆலைகளுக்கும் அமெரிக்க டின் உணவுத் தொழிலுக்கும் போயின. ஆக, பேராக் மண்ணிலிருந்து போன ஈயம் பாலைச் சுமந்துகொண்டு பேராக் தோட்டத்துக் கடைக்கே விலைபொருளாகத் திரும்பியிருக்கும். பற்று எழுதி வாங்கியவரின் சம்பளத்தில் அந்த விலை பிடிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ 1877இல் குவாலா கங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து பெருகிய ரப்பர்த் தொழிலிலும் இதே ஏற்பாடுதான். அனுப்பிய சரக்கு துல்லியமாக நிறுக்கப்பட்டது. வந்த சரக்கில் என்ன இருக்கிறது என்பதை வாங்கியவருக்குச் சொல்ல ஆளில்லை.

அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள். தாய்மார் ரப்பர்ப் பால் வெட்டப் போனபின் கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் கிடந்தன. டின் பாலில் தண்ணீர் கலந்து புகட்டுவது எளிது, மலிவும்கூட. ஆனால் அந்தக் கலவையில் சீனி மிகுதி, சத்து குறைவு. காய்ச்சாத தண்ணீரும் கழுவாத போத்தலும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு, சில வேளை சாவும். மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, இத்தகைய சாவுகளைக் கொலை என்றே கணக்கிட வேண்டும் என்று வாதிட்டார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் உலகச் சுகாதார அமைப்பின் நெறிமுறை வந்தது 1981இல். இடையே நாற்பத்திரண்டு ஆண்டுகள். விவரம் தெரிந்த பிறகும் ஒரு வியாபாரம் அத்தனை காலம் தன் போக்கில் நடந்தது என்பதை மன்னிப்பது கடினம்.

இன்றைய டின் வேறு. மலேசியக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கெட்டிப்பால் அல்ல, இனிப்புக் கிரீமர். பால் கொழுப்பின் இடத்தைச் செம்பனை எண்ணெய் பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறி, புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியேறியவர்களின் தேநீரில் கலப்பது அந்த எண்ணெய்தான். தரமான பொருளாகவே அது இருக்கலாம். ஆனால் டின்னின் வடிவமும் படமும் பழைய பால் டின்னைப் போலவே இருக்க, கிரீமர் என்று சொல் மட்டும் மாறியிருப்பது நேர்மையான அறிவிப்பு ஆகாது. பழக்கத்தில் கை நீட்டுபவர் அதைப் பால் என்றே நினைத்து வாங்குகிறார்.

சீனியின் கணக்கு இன்னும் கடுமையானது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாக இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதே ஆண்டு ஜூலை 1 முதல், அளவுக்கு மேல் சீனி உள்ள அடைத்த பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. கடையில் ஆற்றித் தரும் தேநீர் அந்த வரிக்குள் வரவில்லை. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சீனியைக் குறைக்கச் சொல்லி ஓயாமல் பிரசாரம் செய்துவருகிறது. தமிழிலும் செய்வதால் அது தோட்டப்புறக் குடும்பங்களையும் எட்டியிருக்கிறது. கடையில் ‘கூராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று கேட்பவர்கள் இப்போது கணிசமாகவே இருக்கிறார்கள்.

இதற்குள் ஈப்போவின் வெள்ளைக் காப்பியும் மாறிவிட்டது. மார்ஜரின் சேர்த்து, சீனி சேர்க்காமல் வறுத்த கொட்டை. கெட்டிப்பால் கலந்த குவளை. பழைய நகரத்துக் கடைகளின் அந்த ருசியை 1999இல் உடனடிக் காப்பித் தூளாக்கி விற்கத் தொடங்கிய ஓல்டு டவுன் நிறுவனம் வெளிநாடுகள் வரை போனது. டின்னிலிருந்து ஊற்றும்போது அரைக் கரண்டி குறைத்துக்கொள்வது வீட்டுக்காரர் கையில் இருந்தது. மூன்றும் ஒன்றாய்க் கலந்த பொட்டலத்தில் காப்பியும் கிரீமரும் சீனியும் தொழிற்சாலையிலேயே அளந்து சேர்ந்துவிட்டன. தண்ணீரைக் கூட்டினாலும் ஒரு பொட்டலத்துச் சீனி முழுவதும் வயிற்றுக்குத்தான் போகிறது.