தள்ளிவிட முடியாதவர்கள்



இரவு எட்டரை மணிக்கு நம் வீட்டு ஹால் எப்படி இருக்கிறது? அப்பா சோபாவில், அம்மா சமையலறை வாசலில், பிள்ளைகள் கட்டிலில். ஆளுக்கொரு போன். பாட்டி மட்டும் வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜெபத்துக்குக் கூப்பிடலாமா வேண்டாமா என்று முகம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஆபாசம் எதுவும் இல்லை, சும்மா சிரிக்கத்தானே ரீல்ஸ் பார்க்கிறோம்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கானா ஊர்க் கல்யாண வீட்டுக்குப் போனவர் நம் ஆண்டவர். சந்தோஷத்துக்கு அவர் விரோதி அல்ல. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்து முடித்த பிறகு, முதலில் பார்த்த வீடியோ எதுவென்று ஞாபகம் இருக்கிறதா?

2020 ஜூன் மாதக் கடைசியில் இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். ஆப் மாறியது, பழக்கம் மாறவில்லை. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்தை நாமே அழுத்த வேண்டும். 'போதும்' என்று எழுந்துபோக அந்த ஒரு நொடி இருந்தது. முடிவே இல்லாமல் ஓடும் திரையை 2006-இல் வடிவமைத்த அஸா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார்.

மனஉறுதி இருந்தால் போதாதா? சபைப் பிதா அகஸ்டினின் நண்பர் அலிப்பியஸும் அப்படித்தான் நம்பினார். ரோமாபுரியில் மனிதர்கள் வெட்டிக்கொண்டு சாகும் விளையாட்டு அவருக்கு அருவருப்பு. நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப்போனபோது, கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் ஒரு கூச்சல் போட்டது. கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். பிறகு மற்றவர்களை அவரே அங்கே கூட்டிப்போனாராம்! பின்னாளில் பிஷப் ஆனவர் இவர்.

நேரம் வீணாவதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. 'உனக்கு எது பிடிக்கும்?' என்பது ஒன்றுதான் அந்தத் திரைக்குத் தெரிந்த கேள்வி. பிடிக்காவிட்டால் தள்ளிவிடலாம். லூக்கா 12-ஆம் அதிகாரத்து ஐசுவரியவானின் உலகமும் இப்படித் தன்னையே சுற்றியதுதான். அவன் குடித்தான், திருடினான் என்று வேதம் சொல்லவில்லை. விளைச்சல் பெருகியபோது அவன் யாரிடமும் பேசவில்லை, தனக்குள்ளேயே பேசிக்கொண்டான். என் களஞ்சியம், என் தானியம், என் ஆத்துமா என்பதைத் தாண்டி அந்தப் பேச்சு போகவே இல்லை.

வீட்டு மனிதர்கள் அந்தத் திரையைப் போலக் கைக்கு அடங்குகிறவர்களா? பாட்டி சொன்ன கதையையே சொல்லுவார். காலேஜில் என்ன பிரச்சினை என்று மகள் வாய் திறக்கவே பத்து நிமிஷம் ஆகும். விரலால் தள்ளிவிட முடியாதவர்கள் இவர்கள். இவர்களோடு உட்காரும் பொறுமை நமக்குக் குறைந்து வருகிறது என்பதுதான் என் பயம். (அரை நிமிஷப் பிரசங்கத் துணுக்குகளையும் சேர்த்தே சொல்கிறேன். தள்ளிக்கொண்டே போனால் அதுவும் ரீல்ஸ்தான்.)

போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. குடும்ப ஜெபத்துக்கு முன் எல்லாப் போன்களும் அலமாரிக்குள் போகட்டும், அப்பாவின் போன் முதலில். ஜெபம் முடிந்தும் அரைமணி நேரம் அங்கேயே கிடக்கட்டும்.

இந்த ஞாயிறு, ஆராதனைக்கு வர முடியாமல் படுத்திருக்கும் சபை மூத்தவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். தயவுசெய்து செல்ஃபி எடுக்காதீர்கள்.