காலங்கடந்த வழக்கு

நீதிமன்றப் படியேறுதல் மானக்கேடு எனத் தமிழருள் சிலர் இன்னும் கூறித் திரிகின்றனர். வீடு கட்டித் தருவதாகக் கையொப்பமிட்டு முன்பணம் பெற்ற குத்தகையாளர் வேலையைப் பாதியில் கைவிடுகிறார்; ஏமாந்தவரோ உறவினரையும் ஊர்ப் பெரியவரையும் தூது விட்டே ஆண்டுகளைக் கழிக்கிறார். என்னே பேதைமை! தீபகற்ப மலேசியாவில், 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் ஒப்பந்த மீறல் வழக்குக்கு அளித்துள்ள தவணை 6 ஆண்டுகளே. மீறல் நிகழ்ந்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கும்; வெறும் சமரசப் பேச்சு அதனை நிறுத்தாது. எதிர்த்தரப்பார் இதனை நன்கறிவர். ஆகவேதான் இன்மொழி கூறி இழுத்தடிக்கின்றனர். ஒப்பந்தத்தாளும் பற்றுச்சீட்டும் கையிலிருக்கும்போதே வழக்கறிஞரை அமர்த்துவது பகை வளர்ப்பதாகுமா? கட்டணத்துக்கு அஞ்சுவோர் முதற் சந்திப்பிலேயே அதனை எழுத்தில் கேட்டுப் பெறலாமே! ஏழாம் ஆண்டில் ஓடிவந்தாலோ, எதிர்த்தரப்பு அச்சட்டத்தைச் சுட்டிய அளவிலேயே வழக்கு வீழ்ந்துவிடும்; அப்போது தூது சென்ற பெரியவரா இழப்பீடு தருவார்?